தடைக்காலத்து மாதிரியும் காசிமேட்டுக் கழிவும்

ஆகஸ்ட், இரண்டாம் செவ்வாய். தாம்பரத்தில் ரயில் ஏறி, கடற்கரை நிலையத்தில் மாறி, காலை 8.40க்கு இராயபுரத்தில் இறங்கினோம். உடன் வந்தவன் என் தங்கை மகன் இளங்கோ, கணித ஆய்வாளன். குப்பையிலிருந்து எரிவாயு எடுக்கும் காசிமேட்டு நிலையத்தை நடத்தும் தேவகியை அன்று வேலையிலிருந்து நீக்கப்போவதாகத் தகவல். அவர் கழிவைச் சரியாகக் கலக்காததால் வாயு குறைந்ததாம். எவ்வளவு வாயு வரவேண்டும் என்று கணக்கிட்டவன் இவன்.

ஷேர் ஆட்டோவில் தலைக்கு இருபது ரூபாய். இடத்தைச் சொன்னதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். “அந்த நாத்தத்துக்கா சார்? மீன் மார்க்கெட்டே தேவல.”

காற்றுப் புகாத தொட்டி. உள்ளே நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று வாயுவைத் தருகின்றன. எதை, எவ்வளவு போட்டால் அவை எந்த வேகத்தில் பெருகும் என்பதுதான் இளங்கோவின் சமன்பாடுகள். அவற்றுக்கான கழிவு மாதிரியை மே மாதத்தில் எடுத்திருக்கிறார்கள். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை மீன்பிடித் தடைக்காலம் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். விசைப்படகெல்லாம் கரையில் நிற்க, குப்பையில் இருந்தது காய்கறியும் சோறும்தான். தடை முடிந்ததும் மறுபடி அளக்க வேண்டும் என்று இவன் எழுதிக் கொடுத்தான். நிலையத்தின் அலுவலகம் அதை விட்டுவிட்டு, எவ்வளவு வாயு வரும் என்ற வரைபடத்தை மட்டும் எடுத்துக்கொண்டது.

தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போனதும் வஞ்சிரத் தலையும் குடலும் கூடை கூடையாகத் தொட்டியில் விழுந்தன. மீனின் புரதம் அமோனியாவாக மாறும். அது மிகுந்தால் நுண்ணுயிர்கள் முடங்கும்.

9.30க்கு மேற்பார்வையாளர் வந்தார். தவறு தன்னுடையதே என்று தேவகி கையெழுத்திட வேண்டுமாம்.

“மீனைக் கொட்டச் சொன்னது நீங்க. உள்ள கீற பூச்சி திங்கலன்னா, நானா ஊதி கேஸ் உடறது?” என்றார் தேவகி.

இளங்கோ மடிக்கணினியைத் திறந்து, மீன் கழிவைச் சேர்த்துக் கணக்கை ஓட்டினான். மீன் விழத் தொடங்கிய மூன்றாம் வாரத்தில் வாயுக் கோடு சரிந்தது. வாயு குறைந்ததும் அதே வாரத்தில்தான். மேற்பார்வையாளர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. “அங்கீகாரம் ஆனது பழைய கணக்கு, தம்பி.”

தேவகி இளங்கோவைப் பார்த்தார். “அப்ப என் மேல தப்பில்லதானே நைனா?”

“இல்லக்கா. எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்.”

தேவகி சாவியை மேசைமேல் வைத்தார். “வேலை போவட்டும். கையெழுத்து போட்டா, நாளைக்கு வேற எவன் என்னை சேத்துப்பான்?” பேனாவைத் தொடாமலே வெளியேறினார். அடுத்த கூடை மீன் தொட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னான் இளங்கோ; நிறுத்த யாருக்கும் உத்தரவு இல்லையாம்.

எங்கள் பகுதியிலும் இதே மாதிரி நிலையம் உண்டு. காய்கறிக் கழிவு மட்டும் போகிறது. கணக்குப்படி வாயு வருகிறது. அதை நடத்துபவருக்குக் குடியரசு தினத்தன்று பொன்னாடை போர்த்தினார்கள். நல்ல மனிதர், குறை சொல்லவில்லை. ஆனால் தேவகி செய்யாத எதையும் அவர் செய்துவிடவில்லை.