பெரியப்பா சாட்சி வைத்த உயில்

இறந்தவர்களுக்காக அச்சடிக்கும் நினைவு மலர்களில் எல்லோரும் இன்முகத்தோடு வாழ்ந்ததாகவே எழுதுகிறார்கள். எங்கள் அக்கா பயந்து பயந்து வாழ்ந்தவர். அதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பிறந்தவர். அத்தானைச் சண்டைக்கால ஷெல்லடியில் பறிகொடுத்து, மூன்று வயது மகளோடு ரொறன்ரோ வந்து, மோர்னிங்சைட்டில் என்னோடு ஒரே அப்பார்ட்மென்றில் இருந்தார். கதவு தட்டினால் பயம். இமிகிறேசன் கடிதம் வந்தால் பயம். எல்லாவற்றையும் விட மொன்றியல் கடிதம்தான் பெரிய பயம். அத்தானின் தமையன், அதாவது பிள்ளையின் பெரியப்பா, “பிள்ளை எங்கட இரத்தம்” என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதாமல் விடமாட்டார்.

அக்காவுக்குப் பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் பழைய கடதாசிகளைப் படம்பிடிக்கும் வேலை. பாரசீகக் குடும்பங்களின் கடிதங்களும் உயில்களும்தான் அநேகம். நூறு, இருநூறு வருடப் பழசு. கூட வேலை செய்த ஈரான்காரப் பெண் வாசித்துச் சொல்வாராம். அந்தக் காலத்து ஆண்கள் கடிதத்தில் மனைவியின் பேரை எழுதமாட்டார்களாம், “வீடு சுகமா?” என்றுதான் கேட்பார்களாம். எங்கட ஆக்கள் மாதிரியே என்று அக்கா சிரிப்பார்.

மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தபின் அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று. தான் போனபின் பிள்ளையை மொன்றியலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயம் அவரைத் தின்றது. என்னைப் பொறுப்பாளியாக வைத்து உயில் எழுதவேண்டும் என்றார். உயில் எழுதினால் ஆள் தங்காது என்று கேட்டு வளர்ந்தவள் நான். அந்தக் கதையை எடுக்கவே விடவில்லை.

ஒருநாள் வேலையால் வந்து ஒரு பழைய உயிலைப் பற்றிச் சொன்னார். கணவன் வீட்டாருக்குப் பயந்த ஒரு விதவை, மகளைத் தன் தங்கையே வளர்க்கவேண்டும் என்று எழுதி, கணவனின் தமையனையே அழைத்து ஓரத்தில் சாட்சி முத்திரை குத்த வைத்தாளாம். அக்காவின் முகத்தைப் பார்த்ததும், அவரும் அதையே செய்யப்போகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது.

அடுத்த மாதமே பெரியப்பாவைக் கூப்பிட்டுவிட்டார். லோயரின் மேசையில் உயிலை அவர் முன்னால் வைத்தபோது அக்காவின் கை என் கையை நெரித்துக்கொண்டிருந்தது. பெரியப்பா இரண்டு தரம் வாசித்தார். கோடை விடுமுறை முழுவதும் பிள்ளை பெரியப்பா வீட்டில் நிற்கவேண்டும் என்று அக்கா எழுதுவித்திருந்த வரியில் அவர் விரல் நின்றது.

“பிள்ளையைக் கண்ணிலயும் காட்டாமல் விட்டிடுவியள் எண்டுதான் நான் பயந்துகொண்டிருந்தனான்” என்றார். அக்கா கையொப்பமிட, பெரியப்பாவும் லோயரும் சாட்சிக் கையெழுத்து வைத்தார்கள்.

நாலு மாதத்தில் அக்கா எங்களை விட்டுப் போனார்.

நோய் தெரிந்த நாளிலிருந்து சமைத்துத் தந்த பக்கத்து வீட்டு அன்ரிக்கும், ஆஸ்பத்திரிக்குக் கார் ஓடிய அண்ணைமாருக்கும், வேலைத்தலத்து ஈரான் தோழிக்கும், சொன்ன சொல் தவறாத பெரியப்பாவுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. பிள்ளை சுகமாக இருக்கிறாள். நான்தான் அவள் இருமினாலும் பயந்து, பள்ளிக்கூட பஸ் பிந்தினாலும் பயந்து சாகிறேன். கையெழுத்து வைத்த அன்று வீட்டுக்குத் திரும்பி வரும் வழியில், எனக்குப் பயமாக இருக்கிறது, உயிலை மாற்றி வேறு யாருடைய பேரையாவது போடுங்கள் என்று அக்காவைக் கெஞ்சினேன்.

“பயமில்லாத ஆளிட்ட நான் என்ர பிள்ளையைக் குடுக்கமாட்டன்” என்றார்.