கமென்டுக்குக் கீழே ஒரு பெயர்

1. சேச்சியின் உத்தரவு

கொச்சி மட்டாஞ்சேரியில் நாங்கள் நடத்தும் உள்ளூர் மலையாளச் செய்தித் தளத்தில் யார் வேண்டுமானாலும் கமென்ட் போடலாம் என்றிருந்த காலத்தில், காலையில் ஆபீஸ் வந்ததும் என் முதல் வேலை அதில் கிடக்கும் கெட்ட வார்த்தைகளை அள்ளி வெளியே கொட்டுவதுதான். ஒருநாள் ஒரு டீச்சரைப் பற்றி எவனோ எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, எடிட்டர் ஷெர்லி சேச்சி லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

"பேரில்லாத கமென்ட் இனி வேண்டா. போன் நம்பர், ஓடிபி, சொந்தப் பேரு. ரெஜிஸ்டர் செய்தவன் மட்டும் எழுதட்டே."

செய்து கொடுத்தேன். ஒரு நம்பருக்கு ஒரு கணக்கு. புதிய கணக்கின் முதல் கமென்ட் மட்டும் என் அப்ரூவலுக்கு வரும், அதன் பிறகு நேரே ஏறிவிடும். ஏச்சும் பேச்சும் பெருமளவு அடங்கின. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

2. அறை முழுக்க முருகேசன்

ஒரு மழைக்காலத் தொடக்கத்தில், ஹோட்டல் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இசக்கி என்ற தென்காசிக்காரர் இறந்துபோனார். கான்ட்ராக்டர் சொன்னதைக் கேட்டு, குடிபோதையில் கால் தவறியதாகத் தெரிகிறது என்று நாங்களும் செய்தி போட்டோம். மறுநாள் அதன் கீழே தமிழில் ஒரு கமென்ட் வந்திருந்தது.

"அவரு குடிக்க மாட்டாரு. சாரத்துல கட்டுன கயிறு இத்துப் போயிருந்தது. மாத்தச் சொன்னோம், மாத்தல."

எழுதியவர் பெயர் முருகேசன். அவர்தான் அந்த வேலையின் மேஸ்திரி. கான்ட்ராக்டருக்கு யாரோ படித்துக் காட்டிவிட்டார்கள். முருகேசனுக்கு வேலையும் போனது, கான்ட்ராக்டர் பக்கத்துச் சுள்ளிக்கல்லில் எடுத்துக் கொடுத்திருந்த அறையில் இடமும் போனது.

அவர் பையோடு ஆபீசுக்கு வந்தார். கூடவே இன்னொருவர், தரையையே பார்த்துக்கொண்டு.

"தம்பி, அத எழுதுனது நான் இல்ல. இவன் பாண்டி, இசக்கிக்கு மச்சினன். இவன்தான் எழுதுனான்."

கேட்கக் கேட்கத்தான் விளங்கியது. அந்த அறையில் மலையாளம் படிக்கத் தெரிந்தவர் முருகேசன் ஒருவர்தான். சிம் வாங்குவது, கேஸ் சிலிண்டர் புக் பண்ணுவது எல்லாம் அவர் பொறுப்பு. அதே வழக்கப்படி எங்கள் தளத்திலும் தன் நம்பரைக் கொடுத்து, வந்த ஓடிபியை வாசித்துச் சொல்லி, எல்லோர் போனிலும் லாகின் பண்ணி வைத்திருக்கிறார். யார் எழுதினாலும் முருகேசன் என்றுதான் விழும்.

"கான்ட்ராக்டர்ட்ட சொல்லலையா?" என்று கேட்டேன்.

"சொன்னா இவன் வேலயும் போகும். இனி அந்தக் குடும்பத்துக்கு இவன் ஒருத்தன்தான். அத எடுத்துருங்க தம்பி. எடுத்துட்டா என்னயத் திரும்பச் சேத்துக்கிடுவாரு."

சேச்சி, "எடுத்துக்களையெடா, பாவம்" என்றார். எடுத்தேன். கான்ட்ராக்டருக்கும் போன் பண்ணிச் சொன்னேன். "நல்லது" என்று வைத்துவிட்டார். முருகேசனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் ஊருக்கு ரயிலேறினார்.

செய்தியையாவது திருத்துவோம் என்றேன். "போலீஸ் சொல்லட்டே" என்றார் சேச்சி. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று சாயா குடிக்கக்கூட அவரோடு போகவில்லை. கமென்ட் போய்விட்டது, குடிகாரன் என்ற பேச்சு மட்டும் அப்படியே நின்றது.

3. அப்ரூவலுக்கு வந்தது

சில வாரங்கள் கழித்து அதே செய்திக்கு ஒரு புதிய கணக்கிலிருந்து கமென்ட் வந்து காத்துக்கிடந்தது. "நான் குடிக்கல. கயிறு இத்துப் போயிருந்தது." பெயர்: இசக்கி.

அந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். எடுத்தது பாண்டி.

"அத்தான் போனு சார். சிம்மு இன்னும் ஓடுது. ஓடிபியும் வந்துச்சு."

"உங்க பேர்ல எழுதலாமே?"

"யார் பேரப் போட்டாலும் அவன வேலய விட்டு எடுத்துருவாங்க சார். அத்தான எங்கேருந்து எடுப்பாங்க?"

நம்பர் சரி, ஓடிபி சரி, நம்பருக்குரியவரின் பெயரும் சரி. என் சாஃப்ட்வேர் கேட்கும் எல்லாம் சரியாக இருந்தன. எழுதியவர் அவர் இல்லை என்று எனக்குத் தெரியும். சேச்சியிடம் கேட்காமல் அப்ரூவ் பண்ணினேன்.

ஆள் எங்கே தங்கியிருக்கிறான் என்று விசாரிக்கக் கான்ட்ராக்டர் கூப்பிட்டார். "ஏது இசக்கி இது? ஆளு எவிடெ தாமசிக்கிறான்?"

"உங்க சாரத்துலேருந்து விழுந்தவர்தான் சேட்டா."

லைன் அறுந்தது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நம்பரைச் சரிபார்க்க நமக்குத் தெரியும். அந்தப் பெயர் வெளியே தெரிந்தால் அந்த ஆளுக்கு என்ன ஆகும் என்று நாம் கேட்பதில்லை. சொந்தப் பெயரைக் கட்டாயமாக்கும் முன் அதைக் கேளுங்கள். இப்போது எங்கள் தளத்தில் பெயரை மறைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. முருகேசனுக்கு அது உதவவில்லை. இசக்கி பெயரை மறைக்கட்டுமா என்று பாண்டியிடம் கேட்டேன். வேண்டாம் என்றார்.