ஆள் செத்த கட்டில்

காஞ்சிபுரத்தில் பழைய மரச்சாமான் வாங்கி விற்பதுதான் என் தொழிலாக இருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அது பொருத்தமாக இருக்கும் என்று நினைத்துத்தான் இறங்கினேன். மரம் பேசாது, நானும் பேசமாட்டேன். வாங்க வருகிறவர்கள் பேசுவார்கள் என்பதை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

அறுபதுகளின் கடைசியில் ஊருக்குள் இரும்பு பீரோ வர ஆரம்பித்தது. கண்ணாடி வைத்த பீரோ ஒன்றும் இரும்புக் கட்டில் ஒன்றும் இல்லாமல் எந்தக் கல்யாணச் சீரும் தெருவில் போகவில்லை. மரச்சாமானை விற்க வருகிறவர்கள் அதிகமானார்கள், வாங்க வருகிறவர்கள் குறைந்தார்கள். மற்றதையெல்லாம் ஒருவழியாகத் தள்ளிவிட்டேன். ஓர் ஈட்டி மரக் கட்டில் மட்டும் நின்றுவிட்டது. நான்கு காலிலும் மயில் செதுக்கியது. எங்கள் வீட்டு முன்கூடம்தான் கடை. அதில் முக்கால்வாசியை அந்தக் கட்டில் பிடித்துக்கொண்டிருந்தது.

என் மனைவி நெசவுக் குடும்பத்துப் பெண். அவளுடைய தறி ஐயம்பேட்டையில் அவள் அம்மா வீட்டில் பிரித்துக் கிடந்தது. அதைக் கொண்டுவந்து, முன்கூடத்தில் கால் வைக்கக் குழி வெட்டிப் பூட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. இரண்டு வருஷம் பொறுத்தாள். பிறகு, ஆவணி பிறப்பதற்குள் கட்டில் போகாவிட்டால் விறகுத் தொட்டிக்காரனைக் கூப்பிட்டு எடைக்குப் போட்டுவிடுவேன் என்று கெடு வைத்தாள். சொன்னால் செய்கிறவள்.

கட்டில் போகாததற்குக் காரணம் நான்தான். எங்கள் பக்கத்தில் பழைய கட்டில் வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பார்கள், பூச்சி அரித்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார்கள், எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஒன்று கேட்பார்கள்: இதில் யாராவது செத்தார்களா? மற்ற கடைக்காரர்கள் கேள்வி முடிவதற்குள் இல்லை என்பார்கள். அவர்கள் விற்ற கட்டில்களில் படுத்தவர்களெல்லாம் இன்னும் உயிரோடு இருந்தால் ஊரில் நடக்க இடம் இருக்காது. எனக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை. இந்தக் கட்டிலில் ஒரு பெரியவர் இறந்திருந்தார்; எனக்கு விற்ற வீட்டுக்காரர்களே சொன்னது. கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். கேட்டவர்களெல்லாம் போய்விட்டார்கள்.

"கட்டில் விக்கிறீங்களா, சாவுக் கணக்கு எழுதிக்கினு இருக்கீங்களா?" என்றாள் மனைவி.

ஆடிக் கடைசியில் வாலாஜாபாத்திலிருந்து அரிசி மில்காரர் ஒருவர் வந்தார். கனத்த உடம்பு. வீட்டில் புதிதாக வாங்கிய இரும்புக் கட்டில் நடுவில் தொங்கிவிட்டது என்றும், காலையில் இரண்டு பேர் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார். மனைவி என்னை உள்ளே கூப்பிட்டு, அந்தக் கேள்வி வந்தால் வாயைத் திறக்காதீர்கள், நான் வந்து பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். சும்மா இருப்பது எனக்குத் தெரிந்த வேலை. ஒப்புக்கொண்டேன்.

கேள்வி வந்தது. நான் தரையைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கியதால் அவளால் வர முடியவில்லை. மில்காரர் காத்திருந்தார். நான் இன்னும் குனிந்தேன்.

"எத்தினி பேருப்பா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"ஒருத்தர்தாங்க" என்று பதறிச் சொன்னேன். கரித்துணியோடு ஓடிவந்த மனைவி அதே நேரத்தில், "யாருமே இல்லீங்க" என்றாள்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் மொதல்ல பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்றார்.

மனைவி முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. விறகுத் தொட்டிதான் என்று நினைத்துக்கொண்டு, இனி மறைத்து என்ன என்று நடந்ததைச் சொன்னேன். எண்பது தாண்டியவர், நோய் நொடி கிடையாது, சாப்பிட்டுப் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

மில்காரர் கட்டிலில் ஏறி மல்லாந்து படுத்தார். கட்டில் ஒரு முனகல்கூட இல்லாமல் தாங்கியது. கூரையைப் பார்த்தபடி கை காலை நீட்டிக்கொண்டார்.

"எங்கப்பா எட்டு மாசம் இழுத்துக்கினு கெடந்தாரு" என்றார். "இது நல்ல கட்டில்தாம்பா. வண்டி அனுப்புறேன், பிரிச்சி வை."

எழுந்தவர் வாசல் வரை போய்த் திரும்பி வந்து, அந்தப் பெரியவர் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்திருந்தார் என்று கேட்டார். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கதவோரம் நின்ற மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெக்கால தலை வெச்சிதாங்க" என்றேன்.

அவர் திருப்தியாகத் தலையாட்டினார். உள்ளே கரித்துணியை வாயில் அழுத்திக்கொண்டு அவள் சிரிப்பது எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டுவிடுமோ என்று பயந்து, சுத்தியலை எடுத்துக் கட்டில் காலின் ஆப்பைச் சத்தமாகத் தட்ட ஆரம்பித்தேன்.