அத்திம்பேர் பெயின்ட் அடித்த எஞ்சின்

நான் ஃப்ளாட்டுக்குக் குடிபோன அன்று அத்திம்பேர் கொண்டுவந்த பரிசு ஒரு புதுத் துண்டில் சுற்றியிருந்தது. மற்றவர்கள் குத்துவிளக்கும் குங்குமச்சிமிழும் கொண்டுவந்த இடத்தில் அவர் துண்டைப் பிரித்து எடுத்தது ஒரு டாப்பட் கவர். கார் எஞ்சினின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் நீளமான இரும்புத் தகட்டு மூடி அது. பாடி துருவேறிப்போன தன் பழைய காரை இரும்புக்கடைக்குப் போடும் முன் கழற்றி வைத்துக்கொண்டாராம். முகம் பார்க்கலாம் போல ஒரு சில்வர் பூச்சு. ஓரம் மடியும் இடத்தில்கூடப் பெயின்ட் ஒரு சொட்டு வழிந்திருக்கவில்லை. "ஷெல்ஃபில வெச்சுக்கோ. இதுமாதிரி வேறெங்கேயும் கிட்டாது, கேட்டயோ" என்றார். வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. புத்தக அலமாரியின் நடுத்தட்டைக் காலிசெய்து அதை வைத்தேன். நாள் தவறாமல் துடைத்தும் வைத்தேன். இதைச் சொல்லிவிட்டால்தான் பின்னால் வரும் என் வயிற்றெரிச்சல் புரியும்.

அத்திம்பேர் என் அக்காவின் கணவர். ஸ்ரீவராகத்தில் எங்கள் அப்பாவின் வீட்டில் வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்தவர், இன்னும் இருப்பவர். எதையும் வாய்விட்டுக் கேட்க மாட்டார். காபி வேண்டுமென்றால் சமையலறைப் பக்கம் ஒரு தரம் நடந்துவிட்டுத் திரும்புவார், அவ்வளவுதான். குழம்பில் உப்பு குறைந்திருந்தால் அப்படியே சாப்பிட்டு எழுந்துவிடுவார். யாராவது தானாகக் கொண்டுவந்து வைத்தால் போட்டுக்கொள்வார். "இவருக்கு வாயே கிடையாது" என்று அக்கா ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்படுவாள். நாங்களும் அதை நல்ல குணம் என்றே எடுத்துக்கொண்டோம். மாமனார் வீட்டில் அதிகாரம் பண்ணாத மாப்பிள்ளை யாருக்குத்தான் கசக்கும்?

வீட்டில் இரண்டு கார்கள் இருந்தன, இரண்டும் ஒரே மாடல். அப்பாவுடையது பின்சந்தில் இருந்த ஷெட்டில் நிற்கும், அத்திம்பேருடையது வாசலில். அத்திம்பேருடையது வாங்கும்போதே பழையது. புகையும் இருமலுமாகத்தான் தெருவுக்குள் நுழையும். அப்பாவின் வண்டி அப்படியில்லை. அவருக்கு அது உயிர். ஒரு வருடம் ஜன்னல் கம்பிகளுக்கு அடித்த பச்சை எனாமல் மிஞ்சிப்போக, டப்பாவை வீணாக்கக் கூடாது என்று எஞ்சினைக் கழுவி, பிரஷ் எட்டிய இடமெல்லாம் அந்தப் பச்சையை அடித்துவிட்டார். பிளாக், டாப்பட் கவர் எல்லாம் பச்சை. போகிற வருகிறவர்கள் பானட்டைத் திறந்து பார்த்துச் சிரிப்பார்கள். அப்பா அசரவே மாட்டார். எங்கள் வீட்டுப் பெண்களில் முதலில் லைசென்ஸ் எடுத்தவள் நான். அதனால் அந்த வண்டி எனக்குத்தான் என்று அக்காவையும் அத்திம்பேரையும் வைத்துக்கொண்டே அப்பா சொல்லியிருந்தார்.

பிறகு எனக்குப் பாலக்காட்டில் வேலை. அப்பா படுக்கையில் விழுந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணினால் உடம்பைப் பற்றிப் பேச மாட்டார், வண்டியைப் பற்றித்தான் பேசுவார். "மாப்பிள்ளை இன்னிக்கும் ஸ்டார்ட் பண்ணினார். சத்தம் நன்னா இருக்கு. உனக்காக வெச்சிருக்கேன்" என்பார். அத்திம்பேர்மேல் எனக்கு அப்படி ஒரு நன்றி. பெற்ற பிள்ளை இருந்தால்கூட இப்படி வாரம் தவறாமல் செய்திருப்பானா என்று சிநேகிதிகளிடம் சொல்லியிருக்கிறேன். அப்பா போன பிறகு வந்த மழைக்காலத்தில் எஞ்சினுக்குள் தண்ணீர் இறங்கி ஜாம் ஆகிவிட்டதாக அத்திம்பேர் சொன்னார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான்தான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடினோம்.

அத்திம்பேருக்குப் பெயின்ட் பைத்தியம் பிடித்தது அப்பா படுத்திருந்த அந்த நாட்களில்தான். லீவுக்கு வந்தபோது பார்த்தேன், கொல்லைப்புறத்தில் ஃபேனும் ஏர் ஃபில்டர் மூடியும் மடித்துணி உலர்த்தும் கொடிக்கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன. "என் மடிக்கொடில காரோட குடலைத் தொங்கவிட்டிருக்கார் பாரு" என்று அக்கா கத்தினாள். அவர் பாட்டுக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தார். பெயின்ட் இறுகுவதற்காக யாரோ தூக்கிப்போட்ட ஒரு மின்சார ஓவனைக் கொண்டுவந்து, அதில் பாகங்களை வைத்துச் சுட்டு எடுத்தார். கொஞ்சநாளில் அவருடைய கார் எஞ்சின் முழுக்கச் சில்வராகிவிட்டது. அதோடு இருமலும் நின்றுவிட்டது. பெரிய ரிப்பேர் பண்ணியதாகச் சொன்னார். யாரும் கேள்வி கேட்கவில்லை. மனிதருக்கு ஒரு பொழுதுபோக்கு கிடைத்ததே என்று எல்லோருக்கும் திருப்தி.

நான் ஊருக்கு மாற்றலாகி வந்த பிறகு அந்த வண்டியில்தான் நாங்கள் பொன்முடி மலைக்குப் போவோம். அடிவாரத்துக் கல்லாறில் டீ குடிக்க நிறுத்தினால் அத்திம்பேர் பானட்டைத் தூக்கிவிடுவார். எஞ்சின் ஆறட்டும் என்பார், ஆனால் காட்டுவதற்குத்தான் என்று எங்களுக்குத் தெரியும். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "கண்ணாடி போலல்லே இருக்கு சாரே" என்பார். அங்கிருந்து மேலே கொண்டை ஊசி வளைவுகள். நான் பின்சீட்டில் இருந்து, "அத்திம்பேர், உங்க வண்டி என்னமா ஏறறது. அப்பா வண்டி மாதிரியே" என்று ஒருமுறை சொன்னேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அடுத்த வளைவுக்கு ஹாரன் அடித்தார். சரி, வாயில்லாத மனிதர்.

போன வருடம் நான் விருப்ப ஓய்வு வாங்கினேன். கையில் நேரம் வந்ததும் முதலில் தோன்றியது தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த அந்த வண்டிதான். அப்பா உனக்கு என்று சொன்னதை இத்தனை நாள் மூடிவைத்திருந்ததே தப்பு என்று பட்டது. உள்வேலையை ஒரு மெக்கானிக் ஏற்றுக்கொண்டார். வெளிப்பாகங்களைக் கழற்றிச் சுத்தம் பண்ணிப் பெயின்ட் அடிப்பதை நாமே வீட்டில் செய்துகொள்ளலாம் என்றார் அத்திம்பேர். அவர் முகத்தில் அவ்வளவு உற்சாகத்தை நான் பார்த்ததில்லை. கொல்லைப்புறத்தில் இருவரும் உட்கார்ந்தோம். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி பிரஷால் கசடைத் தேய்த்து, தின்னர் நனைத்த துணியால் விரல் ரேகைகூட இல்லாமல் துடைத்து, பெயின்ட் படக்கூடாத இடத்தில் டேப் ஒட்டி, பிறகுதான் ப்ரைமர். மழை ஈரம் காற்றில் இருந்தால் ஸ்ப்ரேயைத் தொட விடமாட்டார். "வெளுத்துப்போகும். ரெண்டு நாள் போகட்டும்" என்பார். அந்த மாதங்களில் நாங்கள் பேசிக்கொண்டது குறைவு. ஆனாலும் அப்பா இறந்த பிறகு அவ்வளவு நிம்மதியாக அந்த வீட்டில் நான் இருந்ததில்லை.

எஞ்சின் பிளாக்கைத் தேய்க்கும்போது நான் பச்சைக்காகக் காத்திருந்தேன். கசடு போனதும் அப்பாவின் பச்சை தெரியும், அதன்மேல் வேறு நிறம் அடிக்க மனது வருமா என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். கசடு போயிற்று. கீழே துருவும் சாம்பல் இரும்பும்தான். கை நுழையாத மூலைகளில், போல்ட் தலைகளின் அடியில், ஒரு பொட்டுப் பச்சைகூட இல்லை. "அத்திம்பேர், அப்பா அடிச்ச பச்சை எங்கே போச்சு?" என்று கேட்டேன். அவர் டேப்பைக் கிழித்துக்கொண்டே, "ஜன்னலுக்கு அடிக்கற பெயின்ட் அல்லே. எஞ்சின் சூட்டுக்கு நிக்குமா? எல்லாம் பொரிஞ்சு உதிர்ந்திருக்கும்" என்றார். நியாயமாகத்தான் இருந்தது. நம்பினேன். நம்பக்கூடாது என்று எனக்கு என்ன வேண்டுதலா?

வண்டியில் இருந்த டாப்பட் கவர் துரு அரித்து ஓட்டையாகியிருந்தது. ஒரே மாடல்தானே, என் அலமாரியில் இருப்பதை மாட்டிவிடலாம் என்றேன். "அது காட்சிக்கு வெச்சது. அதைத் தொட வேண்டாம். பழசு ஒண்ணு கிட்டும், நான் தேடறேன்" என்றார். இவ்வளவு வேகமாக அவர் எதற்கும் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் எனக்கு ஆசை விடவில்லை. சில்வரை எடுத்துவிட்டு மற்ற பாகங்களுக்குப் பொருந்தும் நிறத்தில் நானே அடித்து அவரை அசத்தலாம் என்று, என் ஃப்ளாட் பால்கனியில் நியூஸ்பேப்பர் விரித்து அதன்மேல் பெயின்ட் ரிமூவர் தடவினேன். சில்வர் பாலாடைபோலச் சுருங்கி எழுந்தது. வழித்தேன். கீழே ஒரு சாம்பல் ப்ரைமர். அதையும் வழித்தேன். பச்சை.

எங்கள் வீட்டு ஜன்னல் பச்சை. பிரஷ் ஓடிய கோடுகள்கூடத் தெரிந்தன. நடுவில் ஒரு பிரஷ் முடி பெயின்டோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. ஸ்ப்ரே அடிக்கும் அத்திம்பேர் வேலையில் முடி ஒட்டாது. அது அப்பாவின் கை. நான் அந்த நியூஸ்பேப்பர்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். வாசலில் இருந்த வண்டியின் இருமல் ஏன் நின்றது, ஷெட்டில் இருந்தது ஏன் ஜாம் ஆனது, அவருக்குப் பெயின்ட் ஆசை ஏன் வந்தது என்று ஒவ்வொன்றாக விளங்கியது. அப்பாவின் எஞ்சினை எடுத்துத் தன் வண்டியில் வைத்துக்கொண்டு, தன் செத்த எஞ்சினை அப்பா வண்டியில் இறக்கிவிட்டு, பச்சையை மறைக்கத்தான் அவர் பெயின்டைத் தொட்டிருக்கிறார். அப்பாவின் எஞ்சின் இழுத்த வண்டியில் உட்கார்ந்துகொண்டு நான் அவரைப் பாராட்டியிருக்கிறேன். அந்த எஞ்சினோ எப்போதோ இரும்புக்கடையில் உருகிப்போயிற்று. மூடியை மட்டும் துண்டில் சுற்றி எனக்குப் பரிசாகக் கொடுத்தார். அது திருப்பிக் கொடுத்ததா, கேலியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீவராகம் போனேன். கொல்லையில் அவர் முன்னால் வைத்தேன். விரலால் தடவிப் பார்த்தார். "ரிமூவரை நன்னாக் கழுவலையே. துரு பிடிச்சுடும்" என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். அக்கா சமையலறை வாசலுக்கு வந்து பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அதுதான் எனக்கு அடுத்த அடி.

"நோக்கும் தெரியுமா?" என்றேன்.

"தெரியாம பின்னே? ஒரே வீட்ல இருக்கோம். குழந்தேளை ஸ்கூலுக்குக் கொண்டுவிடணும், அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். இவர் வண்டி வழில நின்னுடும். அது ஷெட்ல சும்மாக் கிடந்தது. நீ பாலக்காட்ல இருந்தே" என்றாள் அக்கா.

"அப்பாகிட்ட வாரா வாரம் ஸ்டார்ட் பண்றதாச் சொன்னேளே?"

அத்திம்பேர் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். "பண்ணினேன். என் வண்டியப் பின்சந்துக்குக் கொண்டுபோய்ப் பண்ணினேன். அவரை நான் ஏமாத்தலே. அவர் காதால கேட்டது அவரோட எஞ்சினைத்தான்."

எனக்கு வந்தது அழுகையா கோபமா என்று தெரியவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அத்திம்பேர். நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

"கேட்டா நீ குடுத்திருப்பே. அதான் கேக்கலே" என்றார்.

அந்த வீட்டில் அவர் உண்டதும் உடுத்ததும் எல்லாம் யாரோ கொடுத்தது. மைத்துனியிடமும் ஒன்று கேட்டு வாங்கி, அதற்கும் நன்றியோடு இருப்பதைவிடத் திருடுவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. எனக்கு அது புரிகிறது. புரிந்ததனால் ஆறுகிறதா என்றால் இல்லை. நான் கொடுப்பேன் என்று தெரிந்தே செய்தார் என்பதுதான் எரிகிறது. அக்காவாவது சாக்கு சொன்னாள். இவர் கடைசிவரை தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தக் கொல்லையிலேயே உட்கார்ந்து மிச்ச வேலையை முடித்திருப்பேன்.

மிச்சத்தை மெக்கானிக்கைக் கொண்டே முடித்தேன். எஞ்சின் மாறியதற்கான ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலைகளுக்கும் நானே அலைந்தேன். வண்டி இப்போது என் ஃப்ளாட்டின் கீழே நிற்கிறது, நன்றாகவே ஓடுகிறது. ஸ்ரீவராகத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். போன மாதம் அக்கா போன் பண்ணினாள். அத்திம்பேருக்கு முட்டி வீங்கி நடக்க முடியவில்லையாம், ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கொண்டுவர முடியுமா என்றாள். "அவர் கேட்டாரா?" என்றேன். "அவர் என்னிக்குக் கேட்டிருக்கார்?" என்றாள்.

போனேன். வாசலில் நிறுத்தி, இறங்கி, பின்கதவைத் திறந்து வைத்தேன். அத்திம்பேர் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தார். எஞ்சினை நான் அணைக்கவில்லை. ஏறுங்கோ என்று சொல்லத்தான் வேண்டும், வழக்கமாக அப்படித்தான், யாராவது சொன்னால்தான் அவர் உட்காருவார். நான் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை, இந்த ஒரு தடவையாவது, ஏறட்டுமா என்று அவர் கேட்கட்டும் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் திறந்த கதவைப் பார்த்தார். பிறகு தெருமுனையில் திரும்பிய ஆட்டோவைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அக்கா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், அவரோடு ஏறிக்கொண்டாள். ஆஸ்பத்திரி வரைக்கும் அந்த ஆட்டோவின் பின்னாலேயே காலி வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன்.