சிவசாமி வாத்தியாரோட தொண்டை

"ஆண்டவன் குடுத்த தொண்டை இப்பிடி வீணாப் போகுதேடா!"

சிவசாமி வாத்தியாரு தெனம் இதைத்தான் சொல்லுவாரு, அதுவும் குசுகுசுன்னு. மூக்குல ஆரம்பிச்சு வயித்துல முடியிற கொரலு. முன்னெல்லாம் அவரு வாய்ப்பாடு சொன்னா, மேமலையில தேயிலைக் கொழுந்து எடுக்கிற பொம்பளைங்களும் கூடச் சேந்து "ஈரெண்டு நாலு"ம்பாங்க. ராசம்மாக்கா ஏழாம் வாய்ப்பாடு வரைக்கும் அப்பிடித்தான் படிச்சாங்க.

அந்தத் தொண்டைக்குப் பூட்டுப் போட்டவ மீனம்மா. எங்க லயத்து வரிசை வீட்டுக் காளியாயியோட மக. யாரு மூஞ்சியையும் பாத்துப் பேச மாட்டா. வகுப்பே சேந்து கத்துனா, காதைப் பொத்திக்கிட்டு தேயிலைக்குள்ள ஓடிருவா. வேலையைப் போட்டுட்டு ஆளுங்க தேடணும். தோட்டத்து வேலையெல்லாம் மேக்கிற கண்டாக்கையா பள்ளிக்கூட வாசல்லயே நின்னு கத்திட்டாரு: "இன்னொருக்கா மலைக்குள்ள ஓடட்டும், பள்ளிக்கூடத்துல பேரை வெட்டி புள்ளைக்காம்பராவுல கைக்கொழந்தைங்களோட போட்டுருவேன்!"

"அது திமிருல ஓடலைடா. சத்தம் அதுக்கு வலிக்குது"ன்னாரு வாத்தியாரு எங்ககிட்ட.

மறுநாள்லருந்து வாய்ப்பாடு குசுகுசுன்னுதான். மீனம்மாவுக்குக் கதவோரம் தெனமும் ஒரே எடம், உக்கார ஒரே சாக்கு. கணக்குப் போட தேயிலைக் கொட்டை. வாயால சொல்லாட்டியும் அடுக்கிக் காட்டுவா. தாங்க முடியலைன்னா வெளிய பாறையில போயி உக்காரலாம். யாரும் கூப்புடக் கூடாது. இதை எப்பிடிப் பழக்குனாருங்கிறீங்க? அவரே காதைப் பொத்திக்கிட்டு ஓடி, பாறையில உக்காந்து காட்டுனாரு. வேட்டி கிழிஞ்சுது. நாங்க சத்தமில்லாம சிரிக்கப் பழகுனது அன்னிக்குத்தான்.

மேமலையிலருந்து ராசம்மாக்கா கொரல் குடுத்தாங்க: "வாத்தியாரே, எட்டாம் வாய்ப்பாடு எப்பங்க?"

ஒரு நாள் கண்டாக்கையா வந்தாரு. உள்ள சத்தமே இல்ல. கதவைத் தள்ளிக்கிட்டு, "யோவ் வாத்தியாரே! தூங்குறீரா!"ன்னு ஒரு கத்து.

நாங்க அத்தனை பேரும் வாயில வெரல வச்சு, "உஸ்ஸ்!"

மீனம்மா எந்திரிச்சா. காதைப் பொத்துனா. ஓடுனா. வாத்தியாரு மூஞ்சி வெளுத்துப் போச்சு.

மலைப்பக்கம் போகலைங்க! பாறையில உக்காந்தா, காலை ஆட்டுனா. கொஞ்ச நேரத்துல அவளே வந்து, விட்ட எடத்துலருந்து கொட்டையை அடுக்க ஆரம்பிச்சா.

கண்டாக்கையாவுக்கு வாய் சும்மா இருக்குமா? "ஒத்தப் புள்ளைக்காக பள்ளிக்கூடமே வாயைப் பொத்தணுமாக்கும்?"

வாத்தியாரு அப்பவும் குசுகுசுன்னுதான் சொன்னாரு:

"முன்ன நான் கத்துனேன், இதுங்களும் கத்துச்சுங்க, யாருக்கும் ஒண்ணும் ஏறலைங்க. இப்ப எல்லாருக்கும் ஏறுது. அந்தப் புள்ள பேரு இருந்த எடத்துல இருக்கட்டும். ஐயாவுக்குத்தான் மெதுவாப் பேச இன்னும் வரலை. நாளைக்கு வந்து மீனம்மா பக்கத்துல ஒரு சாக்குப் போட்டு உக்காருங்க, சொல்லிக் குடுக்கிறேன்."