அய்யா சிரித்த சாயங்காலம்

இன்று அருப்புக்கோட்டையில் மகளுக்கு ஊசி போடுமுன் கையில் தடவிய ஸ்பிரிட்டின் வாசனை, என்னை நரிக்குடிப் பக்கத்து ஓட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. அந்த இடத்தில் இப்போது கருவேல முள்தான் நிற்கிறது. அங்கேதான் என்னைப் பெற்ற அய்யா புற்றுநோயோடு கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். தொட்டாலே துடிப்பார் என்று என்னைப் பக்கத்தில் விடமாட்டார்கள், நான் வாசற்படியில் உட்கார்ந்து ஆட்டுமணிச் சத்தத்தையும் அவருடைய முனகலையும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருப்பேன். டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து புண்ணைத் துடைத்துக் கட்டும் நர்ஸம்மா, ஒருநாள் டாக்டர் எழுதிய மார்ஃபின் மாத்திரையை அம்மாவிடம் நீட்டினார்.

"இதக் குடுத்தா சீக்கிரம் போயிருவாகளோ?" என்றாள் அம்மா.

"அப்படியெல்லாம் இல்லக்கா. நோய் தீராது, வலி அடங்கும். நாலு வார்த்த பேசுவாக."

அம்மா மாத்திரையைக் கொடுத்தாள். சாயங்காலம் முனகல் நின்றது. அய்யா கண்ணைத் திறந்து, "ஏத்தா, இங்கன வந்து படு" என்றார். அவர் கைமேல் தலைவைத்துப் படுத்து, பள்ளிக்கூடத்துக் கதைகளை நான் சொல்லச் சொல்ல அவர் மெல்லச் சிரித்தார். அடுப்படியில் அம்மா, வெகு நாளைக்குப் பிறகு, தனக்கும் தட்டில் சோறு போட்டுக்கொண்டாள்.

அய்யா போவதற்குமுன் அப்படிச் சில சாயங்காலங்கள் எங்களுக்குக் கிடைத்தன. இன்னும் ஒன்று கிடைத்திருக்கக் கூடாதா என்றுதான் இன்றைக்கும் ஏங்குகிறேன்.