கடிதத்தின் பின்பக்கம்

பிள்ளைகள் 'பை டீச்சர்' என்று கூப்பிடும் அவளுடைய தோள்பையில் ஸ்குரூ டிரைவர் உண்டு, தாழ்ப்பாள் உண்டு, ஊசி நூல், சாக்பீஸ், தலைவலி மாத்திரை எல்லாம் உண்டு. புதுத்தாள் மட்டும் இருக்காது. ஒரு பக்கம் காலியாக எந்தத் தாள் கிடைத்தாலும் விடமாட்டாள், அதில்தான் எழுதுவாள். "உன்னைப் பார்த்தா பேப்பர் கடைக்காரன் கடையைச் சாத்திடுவான்" என்பார் அவள் வீட்டுக்காரர்.

அவளுக்கு வயது முப்பத்து நான்கு. பஸ் போகாத ஆறு பள்ளிக்கூடங்களுக்குப் புதிதாக வரும் ஆசிரியர்கள் ஓடிப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. அலுவலகம் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். இந்த வேலைக்கு அவளைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது, ஏனென்றால் அவளே ஓடிப்போனவள். முதல் பள்ளியில் இருபத்தோராம் நாள் காலை யாரிடமும் சொல்லாமல் கம்பி நீட்டினாள். பிள்ளைகள் மத்தியானம் வரை வாசலிலேயே காத்திருந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டாள். அதை நினைத்தால் இன்றும் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். புது ஆசிரியர் வந்த முதல் நாளே மாற்றல் கேட்டு ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொள்வாள், தேதி மட்டும் போடாமல். "முடியலன்னா சொல்லுங்க, மறுபேச்சு பேசாம அன்னைக்கே ஆபீசுல கொடுத்துடறேன். சொல்லாம மட்டும் போயிடாதீங்க."

ஆற்றுக்கு அப்பால் இருந்த பள்ளிக்கு வந்தவருக்கு நாற்பத்தாறு வயது. பதினெட்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து, பரீட்சைமேல் பரீட்சை எழுதி வாத்தியார் ஆனவர். அங்கே இரண்டு வருஷத்தில் மூன்று பேர் வந்து போயாகிவிட்டது. இவரும் போனால் பள்ளியை மூடிவிடுவோம் என்று அலுவலகம் சொல்லிவிட்டது. அப்புறம் பத்தொன்பது பிள்ளைகளும் தினம் ஆற்றைத் தாண்டித்தான் படிக்கப் போக வேண்டும். பிள்ளைகளோ, "இந்த சார் எத்தனை நாள்?" என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

முதல் வாரம் அவர் தங்கியிருந்த அறையின் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தாள். இரண்டாம் வாரம் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து கேட்டாள். நான்காம் வாரம் போனபோது அவர் வாசலிலேயே முகம் வாடி நின்றார்.

"மேடம், அந்த லெட்டரைக் கொடுத்துடுங்க. பஸ்ல எண்பது பேரைச் சமாளிச்சவன் நான். இங்க பத்தொன்பது பேர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க."

கெஞ்சும் பேச்சு அவளுக்கு வாய் வரை வந்துவிட்டது. ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். பையைக் கவிழ்த்துக் கடிதத்தைத் தேடி எடுத்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பின்பக்கம் முழுக்க அவள் கையெழுத்து! இரண்டாம் வாரம் வகுப்பில் உட்கார்ந்தபோது கைக்குக் கிடைத்த தாளில் குறிப்பு எழுதித் தள்ளியிருக்கிறாள்.

"ஐயோ சார், இதை ஆபீசுல கொடுக்க முடியாது. வேற ஒண்ணு எழுதிக் கொடுங்க, சாயங்காலமே சேர்த்துடறேன்."

அவர் தாளை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"கழித்தல் கணக்கு. பெஞ்சுகளை பஸ் ஆக்கிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார். 'உள்ள போங்க, உள்ள போங்க' என்றதும் ஒரே சிரிப்பு. சிரிப்போடு சரியான விடையும் வருகிறது. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. ஜன்னலோரப் பெண், இந்த வருஷம் வாயே திறக்காதவள், கத்துகிறாள்: 'ஆறு பேர் இறங்கிட்டாங்க சார், பதிமூணு பேர் பாக்கி!' எனக்கு இப்படி ஒரு வகுப்பு எடுக்க வராது."

கடைசி வரியை அவர் இரண்டு தடவை படித்தார்.

"அந்தப் பொண்ணு பேசவே மாட்டாளா? எனக்கு யாரும் சொல்லலையே மேடம்."

"நான்தான் சொல்லியிருக்கணும். எழுதிப் பைக்குள்ள போட்டுட்டேன். என் தப்புதான் சார்." அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அவர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு புதுத்தாள். எழுதிவிட்டார், அவ்வளவுதான் என்று நினைத்து அவள் வாங்கிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் வெறுமையாக இருந்தது.

"இன்னைக்குப் பெருக்கல். வண்டி கிளம்பப் போகுது மேடம், பின்னால ஏறுங்க. ஆனா எழுதினதை இந்தத் தடவை என் கையில கொடுத்துட்டுத்தான் இறங்கணும்."